ஒரே செயலி, இரண்டு அலுவலகங்கள்

மன்னார்குடி அருகே அரிசி ஆலையொன்றில் கணக்கு எழுதும் வாசகர் கேட்கிறார்: லாரி வரவு, எடை, பில் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள நிர்வாகம் கொண்டுவந்த புதிய செயலியைத் திருவாரூர்க் கிளையில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், எங்கள் அலுவலகத்திலோ மேலாளரைத் தவிர யாரும் திறப்பதே இல்லை. இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரியான ஆட்கள்தாம். பிறகு ஏன் இப்படி?

புதுமைகள் பரவும் விதத்தைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதைப் பற்றி சமூகவியலாளர்கள் ரையனும் கிராஸும் 1943இல் வெளியிட்டது. எவரெட் ரோஜர்ஸ் 1962இல் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிப் பொதுக் கோட்பாடாக்கினார். ஆனால், குறுவையில் ஆடுதுறை 43 நெல் விதைத்தவருக்குப் பக்கத்து வயல்காரர் எதை விதைத்தாலும் விளைச்சல் உண்டு. செயலியில் முதலில் நுழைந்தவருக்கோ, பதில் சொல்ல ஆள் வரும்வரை வேலை இரட்டிப்பாவதுதான் மிச்சம். அவரும் சலித்து வெளியேறினால் கருவி அடியோடு மறையும் என்பதை ஆய்வாளர் லின் மார்கஸ் 1987இல் விளக்கினார்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978இல் முன்வைத்த எளிய கணக்கு. எத்தனை பேர் செயலிக்கு வந்தால் தானும் வருவார் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு எனக் கொள்வோம். பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் அந்த எண்கள் 0, 1, 2 என்று தொடங்கி 9 வரை இருக்கட்டும். 0 உடையவர் தாமாகவே தொடங்குவார். ஒருவர் வந்ததைக் கண்டு 1 உடையவர் வருவார். இருவரைக் கண்டு அடுத்தவர் வருவார். இப்படியே பத்துப் பேரும் வந்துவிடுவார்கள். இப்போது 1 உடையவருக்குப் பதிலாக 2 உடைய இன்னொருவரை உட்காரவைப்போம். முதலாமவர் வருவார், அத்துடன் எல்லாம் நின்றுவிடும். சராசரி 4.5இலிருந்து 4.6 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். பயனரோ பத்திலிருந்து ஒன்றாகிவிட்டார். கருத்துக்கணிப்பு எடுத்தால் இரண்டு அலுவலகங்களும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே, "பழைய ஆட்களுக்குப் புதியது பிடிக்காது" என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. பயிற்சி வகுப்புக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது, யார் யாரைப் பார்த்து நடக்கிறார்கள் என்று ஆராய நிறுவனங்கள் ஒதுக்க வேண்டும். பிரிவுக்கு ஒருவர் என்று செயலியைத் தூவுவதைவிட, நாள் முழுக்க ஒருவரையொருவர் கேட்டே வேலை பார்க்கும் எடைமேடை எழுத்தர், பில் போடுபவர், லோடு மேஸ்திரி ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் தந்து பார்க்கலாம். அப்போது 2 என்ற எண்ணோடு காத்திருப்பவருக்கும் 3 உடையவருக்கும் வழி திறந்துவிடும்.