கம்பைலர் எங்கிருந்து வந்தது?

பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு நிறுவனத்தின் பில்டு மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுதிய மூலநிரலை (அதுதான் ‘கோடு’) ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டுவது பில்டு; அதில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நிரல் கம்பைலர். பயிற்சிக்கு வரும் மாணவர்களும் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளும் எனக்கு அனுப்புவது ஒரே மாதிரிப் படம்தான். கருப்புத் திரை, அதில் கடைசி இரண்டு வரி, கூடவே ஒரு செய்தி: "அண்ணே, கோடுல ஏதோ தப்பு. ராத்திரி முழுக்க ஓடி நின்னுபோச்சு."

அந்தக் கடைசி இரண்டு வரியில் ஒன்றும் இருக்காது. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும்போது ஒன்று விழுந்த பிறகும் மற்றவை எழுதிக்கொண்டே போகும். உண்மையான காரணம் மேலே எங்கோ புதைந்து கிடக்கும். திரையில் வருவதை எல்லாம் ஒரு கோப்பில் சேமித்து, முதலாவதாக வரும் எரரைத் தேடுங்கள். தேடினால் பெரும்பாலும் கோடு பாவம், அதன்மேல் குற்றமில்லை என்று தெரியும். குரோமியம், லிப்ரேஆபிஸ் மாதிரி நாள்தோறும் பலர் பில்டு செய்யும் திட்டம் உங்கள் மெஷினில் மட்டும் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கம்பைலரை.

நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த கம்பைலர், எந்தப் பதிப்பு? "லேட்டஸ்ட்தான் அண்ணே" என்று பதில் வரும். அதுதான் சிக்கலே. ஜிசிசி என்பது லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கம்பைலர். 2020-ல் வந்த ஜிசிசி 10, ஒரே குளோபல் மாறியை (நிரல் முழுவதற்கும் பொதுவான மாறி) பல சி கோப்புகளில் வரையறுக்கும் பழைய பழக்கத்தைப் பொறுத்துக்கொள்வதை நிறுத்தியது. அதுவரை ஒழுங்காக பில்டு ஆன எத்தனையோ பழைய சி நிரல்கள் கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் (லிங்க்) இடத்தில் விழுந்தன. 2024-ல் வந்த ஜிசிசி 14 இன்னும் கறார். அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் முன்பு எச்சரிக்கை மட்டும், இப்போது எரர். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கம்பைலர்தான் மாறியது. எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.15-க்குக் குறைந்தது ஜிசிசி 5.1 வேண்டும், அதற்குக் கீழே வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால் நேரம்தான் வீண்.

இதைவிடத் தொல்லை, இரண்டு கம்பைலர்களைக் கலப்பது. 2015-ல் ஜிசிசி 5 வந்தபோது சி++ மொழியின் ஸ்ட்ரிங், லிஸ்ட் என்ற இரண்டு தரவு வகைகளின் உள்ளமைப்பும் மாறியது. பழைய முறையில் கட்டிய லைப்ரரியையும் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோடு) புதிய முறையில் கட்டிய நிரலையும் சேர்த்தால் கம்பைல் நன்றாகவே ஆகும். கடைசியில் லிங்கர் வந்து, அந்த ஃபங்ஷன் இல்லை, இந்த ஃபங்ஷன் இல்லை என்று பக்கம் பக்கமாகத் திட்டும். வெளியாளிடம் வாங்கிய, மூலநிரல் இல்லாத பழைய லைப்ரரிகளை வைத்திருக்கும் இடங்களில் இது இன்றைக்கும் நடக்கிறது.

ஆகவே திட்டத்தின் ஆவணத்தில் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கிறதோ, அதையே போடுங்கள். சில திட்டங்கள் இந்தத் தலைவலியையே வைப்பதில்லை. குரோமியம் தனக்கு வேண்டிய கிளாங் கம்பைலரைத் தானே இறக்கிக்கொள்ளும். பயர்பாக்ஸ் ‘பூட்ஸ்ட்ராப்’ கட்டளையில் தேவையானதைக் கொண்டுவந்துவிடும். அங்கே போய் உங்கள் சொந்தக் கம்பைலரைத் திணிக்காதீர்கள்.

போட்டுவிட்டீர்கள், சரி. ஓடுவது அதுதானா? மேக்கில் ‘ஜிசிசி’ என்று தட்டினால் ஆப்பிள் தரும் கிளாங்தான் எழுந்து வரும். விண்டோசில் ஸ்ட்ராபெரி பெர்ல் (பெர்ல் மொழிக்கான தொகுப்பு) நிறுவியிருந்தால் அதோடு ஒரு ஜிசிசியும் சத்தமில்லாமல் வந்து பாத் வரிசையில் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) உட்கார்ந்துவிடும். பில்டைத் தயார்செய்யும் சீமேக் என்ற கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, சீமேக் முதல் தடவை பார்த்த கம்பைலரை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சூழல் மாறியை மாற்றினாலும் கண்டுகொள்ளாது. பில்டு ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உங்கள் மடிக்கணினியில் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) 22.04, உற்பத்தி வரிசையில் இருக்கும் சோதனைக் கருவியில் இன்னும் 20.04 என்றால், இங்கே கட்டியது அங்கே ஓடாமல் போகலாம். புதியதில் இருப்பது ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) 2.35, பழையதில் 2.31. குறைந்தது 2.34 வேண்டும், அது கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நிரல் நின்றுவிடும். ஓடப்போகும் மெஷினில் உள்ள பதிப்பை ஒரு கண்டெய்னரில் (தனியாகப் பிரித்து வைத்த லினக்ஸ் சூழல்) வைத்து அதற்குள் பில்டு செய்வதுதான் சுலபமான வழி.

நினைவகம் பற்றிச் சுருக்கமாக. ‘கில்டு’ (கொல்லப்பட்டது), ‘சிசி1பிளஸ்’ (ஜிசிசியின் சி++ பகுதி) என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் கோடின் பிழை இல்லை. ராம் தீர்ந்துபோய் லினக்ஸ் கம்பைலரை அடித்துப் போட்டிருக்கிறது. ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வைத்து, எத்தனை வேலைகள் ஒன்றாக ஓடலாம் என்று முடிவு செய்யுங்கள். 8 ஜிபி மெஷினில் பதினாறு வேலைகளை அவிழ்த்துவிடாதீர்கள். விண்டோசுக்குள் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு மொத்த ராமில் பாதிதான் இயல்பாகக் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலநிரலை சி டிரைவில் வைத்து அங்கிருந்து பில்டு செய்தால் ஆமை வேகம். லினக்ஸ் பக்கத்து ஃபோல்டரிலேயே வையுங்கள்.

ஃபோல்டர் என்றதும் ஒரு விஷயம். நம் மலேசியப் பெயர்கள் நீளம். அடையாள அட்டையில் இருப்பதை அப்படியே, அப்பா பெயரும் சேர்த்து விண்டோஸ் கணக்குக்கு வைத்தால், பயனர் ஃபோல்டரின் பெயரில் இடைவெளிகள் விழும். பல பில்டு ஸ்கிரிப்டுகள் அந்த இடைவெளியில் தடுக்கி விழும். பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினாலும் விண்டோசில் பழைய கருவிகள் திணறும். டிரைவின் வேரிலேயே குட்டியாக ஒரு ஃபோல்டர் போதும்.

இதுவரை சொன்னவை நேரத்தைத்தான் தின்னும். எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. "டவுன்லோட் ஸ்லோவா இருந்துச்சு, கூட்டாளிகிட்ட பென்டிரைவ்ல வாங்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்களே, அது.

2015-ல் சீனாவில் நடந்தது இதுவேதான். ஆப்பிள் செயலிகளைக் கட்டும் கருவியான எக்ஸ்கோட் பல ஜிபி, அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறங்க நேரம் எடுத்தது. பைடு நிறுவனத்தின் கிளவுட் சேமிப்பில் யாரோ ஏற்றிவைத்த பிரதியைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரதி, தான் கட்டிய ஒவ்வொரு செயலியிலும் ஒற்று வேலை பார்க்கும் கோடைச் சேர்த்துவிட்டது. எக்ஸ்கோட்கோஸ்ட் என்று பெயர். அரட்டைச் செயலியான வீசாட்டின் ஒரு பதிப்புகூட அதில் சிக்கியது. எழுதியவர்களின் கோடு சுத்தம்தான். அதை எத்தனை முறை படித்துப் பார்த்தாலும் எதுவும் அகப்பட்டிருக்காது.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-ல் அச்சான தமது டியூரிங் விருது உரையில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்க் காட்டினார். லாகின் நிரலைக் கட்டும்போது அதில் கள்ளக்கதவு வைக்கும் கம்பைலர், தன்னைத்தானே கட்டும்போதும் அந்தத் தந்திரத்தைச் சேர்த்துவிடும். மூலநிரலில் தடயமே இருக்காது.

மூலநிரலிலிருந்து நாமே கட்டுகிறோம், ஆகவே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரத்தையும் பார்க்கவேண்டும். தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் தூண்டிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பின் பில்டு ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தன. பில்டு ஸ்கிரிப்டும் உங்கள் மெஷினில் உங்கள் உரிமையோடு ஓடும் ஒரு நிரல்தான். ஆகவே சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு பில்டு செய்யாதீர்கள்.

கம்பைலரை லினக்ஸ் விநியோகத்தின் பேக்கேஜ் மேனேஜர் வழியாக எடுத்தால், தயாரித்தவர்கள் தந்ததுதானா என்று பார்க்கும் டிஜிட்டல் கையொப்பச் சோதனையை அதுவே பார்த்துக்கொள்ளும். கையால் இறக்கினால் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து இறக்கி, கையொப்பத்தை நீங்களே சோதியுங்கள். அதே பக்கத்தில் போட்டிருக்கும் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஓர் எண்), இறக்கும்போது கோப்பு கெட்டதா என்று காட்டும். தளத்துக்குள்ளேயே ஒருவன் புகுந்திருந்தால் ஹாஷையும் மாற்றியிருப்பான். பில்டு வேகமாக ஓட ஆன்டிவைரஸை முழுசாக அணைப்பதும் வேண்டாம். பில்டு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

கிராக் செய்த விஷுவல் ஸ்டுடியோவை (நிரல் எழுதிக் கட்டும் மைக்ரோசாப்ட் கருவி) எடுப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். தனிநபருக்கும் மாணவருக்கும் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். சின்ன நிறுவனம் என்றால் ஐந்து பேர் வரை பயன்படுத்தலாம். 250 கணினிக்கு மேல், அல்லது ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் என்றால் அது பெரிய நிறுவனக் கணக்கில் போகும்; வணிக வேலைக்குக் காசு கட்டித்தான் ஆகவேண்டும். ஜிசிசியில் கட்டினால் நம் பொருளின் கோடையும் வெளியிட வேண்டியிருக்குமோ என்று சில முதலாளிமார் தயங்குவார்கள். கட்டிய நிரலோடு சேர்ந்து போகும் ஜிசிசியின் ரன்டைம் லைப்ரரிகளுக்கு இதற்கென்றே உரிமத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சாதாரணமாக கம்பைல் செய்து விற்பதற்கு அது தடை இல்லை.