ரூக்கர் கழுவிவிட்டுச் சாப்பிட வா

"வெயிலில் நடந்து வந்தவன் ரூக்கர்களைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்."

ரூக்கர் என்றால் என்ன? கையாக இருக்கலாம், காலாகவும் இருக்கலாம். அடுத்த வரி: "ரசம் சுட்டதும் ரூக்கரை உதறினான்." கால் என்ற யோசனை அடிபட்டுப் போகிறது. மூன்றாவது வரி: "இடது ரூக்கரில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்." இனி அகராதி எதற்கு?

வாக்கியங்கள் என்னுடையவை, சொல் ஆங்கில எழுத்தாளர் ஆண்டனி பர்ஜஸுடையது. 1962-இல் வெளியான அவருடைய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்', இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் டிஸ்டோபியா நாவல்களில் தனி ரகம். கதை சொல்லும் அலெக்ஸுக்குப் பதினைந்து வயது. அவனும் கூட்டாளிகளும் தங்களுக்குள் பேசும் குழூஉக்குறிக்கு நாட்சாட் என்று பெயர். ரஷ்ய மொழியில் 11 முதல் 19 வரையான எண்களின் கடைசியில் வரும் ஒட்டு அது. பதின்பருவம் என்று குறிப்பால் சொல்கிறது. 1961-இல் லெனின்கிராட் போய்வந்த பர்ஜஸ், ரஷ்யச் சொற்களை ஆங்கில வாய்க்கு ஏற்றபடி வளைத்துக் கதையெங்கும் தூவினார். பால் மொலொகோ ஆயிற்று, நண்பன் ட்ரூக் ஆனான். 'நல்லது' என்னும் பொருள்படும் ஹரஷோ, ஆங்கிலத்தில் பயங்கரக் காட்சி என்று ஒலிக்கும் 'ஹாரர்ஷோ' ஆனது. இது வேண்டுமென்றே செய்த குறும்பு. ஒலி ஒரு பக்கம் இழுக்க, வாக்கியம் மறுபக்கம் இழுக்கும். சில பக்கங்களுக்குள் வாக்கியம்தான் ஜெயிக்கும்.

பொருள் சொல்லும் சொற்பட்டியலைச் சேர்க்கவே கூடாது என்பதில் பர்ஜஸ் பிடிவாதமாக இருந்தார். மூளைச்சலவையைப் பற்றிய நாவல், வாசகனுக்கே தெரியாமல் அவன் தலையில் ரஷ்ய மொழியை ஏற்றவேண்டும் என்பது அவர் கணக்கு. அமெரிக்கப் பதிப்பில் பட்டியலைச் சேர்த்தே விட்டார்கள். என்னிடம் முதலில் சிக்கியது அப்படி ஒரு பிரதிதான். ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசிப் பக்கத்துக்கு ஓடி, பத்தாம் பக்கத்தில் களைத்துப்போய் மூடிவைத்தேன். பார்த்த சொற்களில் ஒன்றுகூட மறுநாள் நினைவில் இல்லை.

பர்ஜஸின் கணக்கு பலித்ததா என்று 1978-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் அதை நடத்திய மூவரில் ஒருவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம், சொற்பட்டியல் இல்லாத பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சொற்களைப் பற்றித் தேர்வு வரும் என்று மூச்சு விடவில்லை. நாவலில் நாட்சாட் சொற்கள் 241. ஒவ்வொன்றும் சராசரியாக 15 தடவை வருகிறது. படித்து முடித்த சில நாட்களில் 90 சொற்களைக் கேட்டபோது, சராசரியாக 76 விழுக்காடு சரியான விடைகள். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்தான். கழித்தாலும் மலைப்பாகவே இருக்கிறது.

இதே நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களை, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்குக் கொடுத்து 1989-இல் பார்த்தார்கள். ஆதாயம் பத்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. படித்த பக்கங்கள் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தில்தான் விஷயமே இருக்கிறது. ரூக்கர் உங்களுக்குப் பிடிபட்டதற்குக் காரணம், அதைச் சுற்றியிருந்த கழுவுதல், ரசம், கடிகாரம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. பன்மை விகுதியும் வேற்றுமை உருபும்கூட உதவின: 'ரூக்கர்களை' என்றதுமே அது ஒரு பொருள், ஒன்றுக்கு மேல் உண்டு என்று தெரிந்துவிட்டது. 'ரசம்' என்ற இடத்திலும் தெரியாத சொல் இருந்திருந்தால்? இருட்டில் இருட்டைத் தேடுவதுதான்.

ஒரு பக்கத்தில் 300 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். துணையின்றிப் புரிந்து படிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் அளவு. அப்படியானால் தெரியாதவை ஆறு. 80 விழுக்காடுதான் தெரியும் என்றால் அறுபது. ஊகிக்கப் பிடிமானமே கிடைக்காது.

சரியாக ஊகித்துவிட்டாலும் ஒரே சந்திப்பில் சொல் மனத்தில் தங்குவது அபூர்வம். முதல் தடவை 'உடம்பில் ஏதோ ஒன்று' என்ற மங்கலான தடம்; அடுத்தது அதைத் திருத்தும், அதற்கடுத்தது உறுதிசெய்யும். ஊகிக்க மெனக்கெடுவதே நினைவுக்கு உரம். பட்டியலைப் புரட்டும்போது அந்த மெனக்கேடு நடப்பதில்லை.

நமக்கு இது புதிதும் அல்ல. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்தவர்களுக்கு சமோவாரும் (தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் கலம்) கோபெக்கும் (சில்லறைக் காசு) தெரியும். யாரும் அகராதி பார்த்ததாக நினைவில்லை.

இரண்டாம் முறை பின்பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டுப் படித்தேன். மூன்றாம் நாள் ஓடத் தொடங்கியது. ஒரு சலுகையும் கிடைத்தது. ஆங்கிலேயருக்கு விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை ஒரு சொல், அதற்கு மேல் தோள்வரை வேறொரு சொல். ரூக்கர் இரண்டையும் சேர்த்துச் சொல்வதால் அவர்கள் தடுமாறக்கூடும். ரஷ்யருக்கும் நமக்கும் எல்லாமே கைதான். காலும் அப்படியே.

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். நோயாளிகளிடமிருந்து முதலில் கற்ற சொற்கள் எவை என்று கேட்டேன். "கலவா, ருக்கா, நகா" என்று சொல்லிவிட்டு விளக்க வாயெடுத்தாள். தலை, கை, கால் என்று நானே முடித்தேன். "மாமா, எங்கே படித்தீர்கள்?" என்றாள்.