லாஞ்ச், ஏவல், ஈரேவல்

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலைகள் என்னிடம் கணினி கற்க வருகிறார். சிறு விவசாயிகள் கொண்டுவந்து எடை போடும் பச்சை இலையின் கணக்கு முழுவதையும் அவர் விண்டோஸில் வைத்திருக்கிறார். நான் கற்பிக்கும் கட்டளைகளோ லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தைச் சேர்ந்தவை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை வைத்துக்கொள்ள வழி இருப்பதால் ஒரே மடிக்கணினியில் இரண்டையும் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் லினக்ஸ் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், 'நோட்பேட்.இஎக்ஸ்இ' என்று தட்டி என்டரை அழுத்தினேன். விண்டோஸின் நோட்பேட் திறந்துகொண்டது. "சார், இங்கே இருந்துகிட்டே அதை எப்படி லாஞ்ச் பண்ணீங்க?" என்று கேட்டார். எப்படி என்பதற்கு விடை கைவசம் இருந்தது. லாஞ்ச் என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று அவரே அடுத்துக் கேட்டபோது, 'தொடங்குவது' என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த விடை எனக்கு நிறைவு தரவில்லை.

லாஞ்ச் என்ற ஆங்கில வினை, ஈட்டியைக் குறிக்கும் 'லான்சியா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சின் வழியாக வந்தது. முதலில் ஈட்டியை எறிவதையும், பிறகு கட்டி முடித்த கப்பலைத் தண்ணீரில் இறக்குவதையும், அதற்கும் பிறகு ராக்கெட்டைச் செலுத்துவதையும் குறித்த அச்சொல், கடைசியில் கணினியில் நிரலை (புரோகிராமை) தொடங்கிவைப்பதற்கும் பெயராயிற்று. கடற்கரை ஊர்களில் படகைக் குறிக்கும் 'லாஞ்சு' இதன் உடன்பிறப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது மலாய் மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பரவிய வேறு சொல் என்றே அகராதிகள் கருதுகின்றன.

ஈட்டி எறிவதில் பிறந்த சொல்லுக்குத் தமிழில் இணை தேடினால், அம்பு விடுவதில் பிறந்த சொல் ஒன்று ஆயத்தமாக நிற்கிறது. 'ஏ' என்ற ஓரெழுத்து ஒருமொழிக்கு அம்பு என்று பொருள். 'ஏவு' என்றால் அம்பைச் செலுத்து என்பது ஒரு பொருள். ஒருவரை ஒரு வேலைக்கு அனுப்பு, கட்டளையிடு என்பது இன்னொரு பொருள். முதற்பொருளிலிருந்து ஏவுகணையும் ஏவுதளமும் நம் காலத்தில் உருவாயின; இரண்டாவது பொருளிலிருந்து ஏவலாள், ஏவல் என்ற சொற்கள் பழங்காலத்திலேயே உருவாகிவிட்டன. ஆங்கிலத்தில் கமாண்ட் வேறு, லாஞ்ச் வேறு. முன்னதில் ஒன்றைச் செய்யுமாறு ஒப்படைக்கும் கருத்தும் பின்னதில் எறியும் கருத்தும் உள்ளன. கட்டளை வரியில் ஒரு சொல்லைத் தட்டி நிரலொன்றைக் கிளப்பும்போது இந்த இரண்டும் ஒரே செயலாகிவிடுகின்றன. அந்த ஒரே செயலுக்கு ஒரே சொல்லாகத் தமிழில் ஏவு இருக்கிறது. லாஞ்ச் என்பதற்கு நேர்ச்சொல் ஏவுதான், நிரலைக் கிளப்பித் தரும் லாஞ்சருக்கு 'ஏவி' என்று பெயரிடலாம் என்பது என் முடிவு.

இதற்கு ஓர் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். பில்லி, சூனியம், ஏவல் என்ற வரிசையில் கேட்டுப் பழகிய காதுக்கு, 'நிரலை ஏவினேன்' என்பது பேயை ஏவியதைப் போலத் தோன்றலாம். தோன்றட்டும் என்றே சொல்வேன். யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த லினக்ஸ் போன்ற அமைப்புகளில் நம் கண்ணில் படாமல் பின்னணியில் வேலை செய்யும் நிரலுக்கு டீமன் என்று பெயர். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மேக் என்ற கணினித் திட்டத்தில் வேலை செய்தவர்கள், இயற்பியலாளர் மாக்ஸ்வெல்லின் கற்பனைப் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. பூதத்தின் பெயரால் நிரலை அழைப்பதற்கு அவர்கள் கூச்சப்படவில்லை.

மற்றச் சொற்களையும் எடை போட்டுப் பார்த்தேன். 'திற' என்பது கோப்புக்குப் பொருந்தும், நிரலுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். 'துவக்கு' நல்ல சொல். ஆனால் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல உண்டு, அங்குள்ள முதியவர்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி. 'ஓடு' என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் நிரலுக்கு ஷெல் என்ற பெயரை லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் 1960களின் நடுவில் வைத்தார். அமைப்பின் உட்கருவை மூடிய ஓடு என்பது கருத்து. ஆமைக்கு இருப்பதும் ஓடு, ரன் என்பதற்கும் ஓடு. ஓட்டில் 'ஓடு' என்று எழுதினால் நிரல் ஓடும். வகுப்பில் சிரிக்க உதவுமே தவிர கலைச்சொல்லுக்கு உதவாது.

ஏவு என்ற சொல்லைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரணம். தமிழ் இலக்கணத்தில் 'ஏவல்' என்பது ஏற்கெனவே ஒரு கலைச்சொல். முன்னிலையில் நிற்பவரை நட, வா, செய் என்று பணிக்கும் வினை ஏவல் வினை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 'நட, வா, மடி, சீ, விடு, கூ' என்று தொடங்கி இருபத்து மூன்று ஈறுகளுக்கு வாய்பாடு தந்து, இவற்றை எல்லாம் 'செய்யென் ஏவல் வினைப்பகாப் பதம்' என்கிறார். விகுதி எதுவும் ஒட்டாத வெறும் வேர்ச்சொல்லே ஏவலாக நிற்கும் என்பது அதன் பொருள். யுனிக்ஸின் ஆங்கிலக் கட்டளைகள் பலவும் இப்படிப்பட்டவைதான்; தமிழில் சொன்னால்: கொல், தேடு, வரிசைப்படுத்து, இணை. ஒருவரைப் பார்த்துச் சொல்லும் மொட்டை வினைகள், மரியாதை விகுதிகூடக் கிடையாது.

அடுத்த நூற்பாவில் அவர் இன்னும் ஒரு படி செல்கிறார். 'செய்யென் வினைவழி விப்பி தனிவரின் செய்வியென் ஏவல் இணையினீ ரேவல்' என்பது அந்த நூற்பா. 'செய்' என்ற வினையோடு 'வி' அல்லது 'பி' என்ற விகுதி தனியாகச் சேர்ந்தால் 'செய்வி' என்ற ஏவல் கிடைக்கும். அதாவது, கேட்பவர் தாமே செய்யாமல் இன்னொருவரைக் கொண்டு செய்யவேண்டும். இரண்டு விகுதிகளும் இணைந்து வந்தால் 'செய்விப்பி' ஆகும். கேட்பவர் ஒருவரைப் பணித்து, அவர் வேறொருவரைக் கொண்டு அச்செயலை முடிக்கவேண்டும். இதற்கு அவர் இட்ட பெயர் ஈரேவல்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டிய தேவையே இல்லை. தோட்டத்துரை கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் நேராகப் போய்ப் 'பறி' என்று சொல்லமாட்டார். தமக்குக் கீழே இருக்கும் அலுவலரிடம் சொல்வார், அவர் மேஸ்திரியிடம் சொல்வார், மேஸ்திரி நிரையில் நிற்கும் தொழிலாளிக்குச் சொல்வார். பறி, பறிப்பி என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் விகுதி ஏறும். துரையின் வாயில் புறப்படும் ஏவல், இலக்கணப்படி ஈரேவல்.

இப்போது லினக்ஸ் முனையத்தில் நோட்பேட் திறந்த கதைக்கு வரலாம். விண்டோஸுக்குள் லினக்ஸை நடத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்டது. டபிள்யூஎஸ்எல் என்ற சிறு கட்டளைக் கருவிதான் இரண்டுக்கும் நடுவே வாசல். விண்டோஸின் கட்டளை வரியில் டபிள்யூஎஸ்எல் என்று எழுதி, அதன் பின்னால் ஒரு லினக்ஸ் கட்டளையைச் சேர்த்தால், அது லினக்ஸில் நிகழ்ந்து விடை விண்டோஸ் திரையில் வந்து விழும். எதிர்த்திசையில், லினக்ஸிலிருந்துகொண்டு விண்டோஸ் நிரலை ஏவும் வசதி 2017இல் எல்லாருக்கும் கிடைத்தது. இந்த எதிர்த்திசைப் பயணம்தான் சுவையானது.

நான் என்டரை அழுத்தியதும் ஷெல் அந்தக் கோப்பை லினக்ஸின் உட்கருவான கெர்னலிடம் கொடுத்து இயக்கச் சொல்கிறது. கெர்னல் கோப்பின் முதல் சில எழுத்துகளைப் பார்க்கிறது. லினக்ஸின் சொந்த நிரல் என்றால் அங்கே ஈ, எல், எஃப் என்ற எழுத்துகள் இருக்கும். விண்டோஸ் நிரலில் எம், இசட் என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் வேலை செய்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி (Mark Zbikowski) என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள் இன்றும் ஒவ்வொரு விண்டோஸ் நிரலின் நெற்றியிலும் எழுதப்பட்டிருக்கின்றன. தன்னால் இயக்க முடியாத இந்த எம்இசட் வகைக் கோப்பு வந்தால் யாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று கெர்னலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடையாள் செய்தியை விண்டோஸ் பக்கம் கடத்துகிறது. விண்டோஸ் தன் வழியில் நோட்பேடை இயக்குகிறது. நான் பேசியது லினக்ஸிடம். லினக்ஸ் பணித்தது விண்டோஸை. இயங்கியது நோட்பேட்.

தமிழில் இந்த மூன்று படிகளுக்கும் மூன்று வடிவங்கள் உள்ளன. நிரல் 'இயங்கு'கிறது, அதை ஓர் அமைப்பு 'இயக்கு'கிறது, அந்த அமைப்பைக் கொண்டு இன்னோர் அமைப்பு 'இயக்குவி'க்கிறது. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை, இயக்குவி அதற்கும் மேலே ஒரு விகுதி ஏறியது. ஆங்கிலத்தின் 'ரன்' இந்த மூன்று வேலைகளையும் ஒரே சட்டையோடு செய்கிறது, ஆகையால் யார் யாரை ஓட்டுகிறார்கள் என்பதைச் சுற்றி வளைத்துத்தான் அங்கே சொல்லமுடியும். ஒரு சூழலிலிருந்து வேறொரு சூழலின் நிரலை ஏவுவதற்கு 'இயக்குவித்தல்' என்பதே உரிய தமிழ்ச்சொல் என்று துணிந்து சொல்கிறேன்.

இங்கே இயங்குதளமா, இயக்குதளமா என்ற பழைய வழக்கையும் தொட்டுவிட்டுப் போகலாம். நிரல்களை இயக்குவதால் இயக்குதளம்தான் சரி என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உண்கலம் என்றால் கலமா உண்கிறது? உண்பதற்கு இடமான கலம். அதுபோல நிரல்கள் இயங்குவதற்கு இடமான தளம் என்று கொண்டால் இயங்குதளமும் பிழையில்லை. வழக்கில் வேரூன்றியதைப் பிடுங்கவேண்டாம்.

வைன் என்ற கருவியையும் இதே கணக்கில் சேர்க்கலாமா என்று அந்த இளைஞர் கேட்டார். சேர்க்கக்கூடாது. 1993இல் தொடங்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகள் கழித்து 2008இல் முதல் முழுப் பதிப்பைக் கண்ட வைன், விண்டோஸ் நிரலை லினக்ஸில் நடத்துகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே விண்டோஸே கிடையாது. நிரல் விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக் கேட்கும் ஒவ்வொன்றையும் வைன் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் வேண்டுகோளாக மாற்றிக் கொடுக்கிறது. நம் மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை பல்சக்கரம் பொருத்திய எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். பெட்டியில் இருப்பவர் எழுந்திருக்கவேண்டியதில்லை. வைனில் நிரல் அந்தப் பெட்டி. எஞ்சின் மாறியது அதற்குத் தெரியாது. ஆகவே வைன் செய்வது இயக்குதலே, இயக்குவித்தல் ஆகாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், டபிள்யூஎஸ்எல் கருவியின் முதல் பதிப்பிலும் ஒரு நுட்பம் புலப்படும்: அதில் உண்மையான லினக்ஸ் கெர்னல் இல்லை, விண்டோஸே லினக்ஸ் போல நடித்து விடை தந்துகொண்டிருந்தது. 2019இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பில்தான் உண்மையான கெர்னல் வந்து உட்கார்ந்தது. ஈரேவல் என்ற பெயருக்கு முழுத்தகுதி அதற்கே.

இயக்குவிக்கும்போது கைசுட்டுக்கொள்ளும் இடம் முகவரி. ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர்தான் என்று நமக்குத் தெரியும். கணினிக்கு அப்படித் தெரியாது. விண்டோஸில் சி என்ற வட்டில் இருக்கும் கோப்பு, லினக்ஸிலிருந்து பார்த்தால் எம்என்டி என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) சி என்ற அடைவில் இருக்கும். இலை எடைப் பட்டியலை லினக்ஸ் முகவரியோடு நோட்பேடுக்கு அனுப்பிவிட்டு, கோப்பு இல்லை என்ற செய்தியைப் பார்த்து, பட்டியல் அழிந்துபோனதோ என்று நாங்கள் இருவரும் ஒரு நிமிடம் பதறியது உண்டு. டபிள்யூஎஸ்எல்பாத் என்ற துணைக்கருவி ஒரு முகவரியை மற்றதாக மாற்றித் தரும். நிரலின் பெயரை எழுதும்போது கடைசியில் வரும் இஎக்ஸ்இ என்ற ஒட்டையும் விடக்கூடாது. விண்டோஸில் அது இல்லாமலேயே ஏவிப் பழகியவர்கள் லினக்ஸ் பக்கம் வந்ததும் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த வகுப்புக்கு வந்தபோது இளைஞர் தம் குறிப்பேட்டில் 'இயங்குவி' என்று எழுதியிருந்தார். இலக்கணப்படி அதுவும் பிழையற்ற சொல்தான். ஆனால் இயங்கு என்ற தன்வினையோடு வி சேர்ந்தால் இயக்கு என்ற அளவிலேயே நின்றுவிடும், விண்டோஸ் தன் நோட்பேடைத் தானே திறந்துகொண்டது என்றுதான் பொருள்படும். ஙகரத்தை அடித்துவிட்டுக் ககர ஒற்றை எழுதச் சொன்னேன்.