கைவிரித்து அளந்த ஆழம்

இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக விரித்து நில்லுங்கள். ஒரு கையின் நடுவிரல் நுனியிலிருந்து மறுகையின் நடுவிரல் நுனிவரை உள்ள நீளம் ஏறக்குறைய உங்கள் உயரமே இருக்கும். ஆங்கிலேய மாலுமிகள் கடலாழத்தை அளந்த ‘ஃபேதம்’ இதுதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விரித்த கைகள், அணைப்பு என்று பொருள். பிற்பாடு அதை 6 அடி, அதாவது சுமார் 1.83 மீட்டர் என்று நிலைப்படுத்தினார்கள். நம் கடற்கரை மீனவர்கள் ‘பத்துப் பாகம் தண்ணி’ என்று சொல்லும் பாகமும் இதே கைவிரிப்புதான். கயிற்றைக் கையால் இழுப்பவருக்கு அளவுகோல் உடம்பிலேயே இருக்கிறது.

கயிற்றின் நுனியில் ஒரு ஈயக்குண்டு. கயிற்றில் இடையிடையே அடையாளங்கள்: 2 ஃபேதத்தில் இரண்டு வார்த் தோல், 3-இல் மூன்று வார்த் தோல், 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்புத் துணி, 10-இல் துளையிட்ட தோல். நிறம் பகலுக்கு, இருட்டில் விரல் தடவினாலே எது தோல், எது துணி என்று தெரிந்துவிடும். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் மாட்டுக்கொழுப்பை அடைத்து இறக்கினால் கடல்தரையின் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். எவ்வளவு ஆழம் என்பதோடு எப்படிப்பட்ட தரை என்பதும் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. ‘ஃபேதம்’ ஆங்கிலத்தில் ‘ஆராய்ந்து புரிந்துகொள்’ என்ற வினையாகவும் ஆனது. ஒருவர் மனதை அறிய நாம் ‘ஆழம் பார்க்கிறோம்’ அல்லவா, அதுபோல.

கை எட்டாத ஆழத்துக்கு ஆங்கிலத்தில் ‘அபிஸ்’ என்று பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘அ’ இன்மையைக் குறிக்கும், ‘புஸ்ஸோஸ்’ அடித்தளம். ஆக, அடியே இல்லாதது. பெயரே இப்படி இருக்கும்போது அங்கே உயிர் இருக்கும் என்று யார் நம்புவார்? 1840-களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் ஏஜியன் கடலில் வலையிட்டு அரித்துப் பார்த்தார். ஆழம் கூடக்கூட உயிரினங்கள் குறைந்தன. 300 ஃபேதத்துக்குக் கீழே உயிரே இராது என்று கணித்தார். அது தவறு என்று பிறகு நிரூபணமானது.

ஆயிரக்கணக்கான ஃபேதம் இறங்கும்போது பழைய முறை கைகொடுக்காது. கயிறே கனம், குண்டு தரையைத் தொட்ட பிறகும் அந்தக் கனமே மேலும் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். தொட்டதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த பிரிட்டனின் சேலஞ்சர் கப்பலில் இதைக் கடிகாரத்தால் சமாளித்தார்கள். ஒவ்வொரு 100 ஃபேதம் கயிறு ஓடவும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். நீளம் கூடக்கூட நீரின் உராய்வும் கூடுவதால் நேரம் சீராக ஏறும். ஒரு கட்டத்தில் சட்டென்று எகிறினால் குண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். 1875 மார்ச் 23 அன்று மேற்குப் பசிபிக்கில் அவர்களுக்குக் கிடைத்த ஆழம் 4,475 ஃபேதம், 8 கிலோமீட்டருக்கும் மேல்.

இன்று கயிற்றின் இடத்தில் ஒலி. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். கப்பலிலிருந்து ஒலித்துடிப்பு ஒன்றை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைப் பாதியாக்கி வேகத்தால் பெருக்கினால் ஆழம். வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றும் ஒலியின் வேகத்தை மாற்றும் என்பதால் அவற்றுக்கும் கணக்கில் இடம் கொடுக்க வேண்டும். சேலஞ்சர் மடு என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியில் கடலின் மிக ஆழமான புள்ளி சுமார் 10.9 கிலோமீட்டர். ஒலி அங்கே போய்வர ஏறக்குறைய 15 நொடி. அறிவியல் ‘அபிஸ்’ என்ற சொல்லைக் கைவிடவில்லை. அடியில்லாதது என்ற பெயரை வைத்துக்கொண்டே சுமார் 3,000 முதல் 6,000 மீட்டர் வரை என்று அதற்கு எல்லை கட்டிவிட்டது. அதற்கும் கீழே உள்ள அகழிகளுக்குக் கிரேக்கப் பாதாள தெய்வமான ஹேடீஸின் பெயர்.

இன்னொரு கிரேக்கச் சொல்லான ‘கேயாஸ்’ போன கதை வேறு. இன்று குழப்பம் என்ற பொருளில் வழங்கும் இச்சொல், கிரேக்கத்தில் வாய் பிளந்த வெறுமையைக் குறித்தது. மலைப்பிளவைச் சொல்லும் ‘காஸ்ம்’ அதற்கு உறவு. கொட்டாவிக்கான ‘யான்’ கொஞ்சம் தூரத்துச் சொந்தம். 17-ஆம் நூற்றாண்டில் பிரசல்ஸைச் சேர்ந்த வேதியியலாளர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட் 62 பவுண்டு கரியை எரித்தார். மிஞ்சிய சாம்பல் ஒரு பவுண்டு. மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாய்க் கிளம்பிப் போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அதற்கு அதுவரை பெயர் இல்லை. ‘கேயாஸ்’ என்பதிலிருந்து அவரே ஒரு சொல்லை உண்டாக்கினார்: ‘கேஸ்’. அவர் பேசிய டச்சு மொழியில் ‘க’வைத் தொண்டையிலிருந்து உரசி உச்சரிப்பதால் இரண்டும் அவர் காதில் ஒட்டிக்கிடந்தன.

நம் வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரிலும் எடை போட்டிருக்கும், 14.2 கிலோ என்று.