டிராக்டர் விலையில் குறைத்ததை எங்கே எடுக்கிறார்கள்?

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்ட வங்கிக் கிளைகளில் வேளாண் கடன் அலுவலராக இருந்தபோது என் மேஜைக்கு ஓயாமல் வந்த காகிதம் டிராக்டர் கொட்டேஷன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதம். ஆனாலும் இரண்டு டீலர்களின் காகிதத்தில் இரண்டு தொகை இருக்கும். குறைந்த தொகைக்கு வண்டி எடுத்தவர்தான் லாபமாக எடுத்தார் என்று நினைக்கத் தோன்றும். கடன் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் பல நேரம் அது தலைகீழாக இருந்தது.

விவசாயி வண்டியின் விலையை மட்டும் பேசுகிறார். டீலரோ வண்டி, எக்ஸ்சேஞ்சுக்கு வரும் பழைய வண்டி, கூடவே தரும் கலப்பை, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், கடன், இன்சூரன்ஸ் என எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுகிறார். ஒன்றில் விட்டுக்கொடுத்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்ள அவருக்கு இடம் இருக்கிறது. அது அவர் வியாபாரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டு, தனித்தனியாக எழுதி வாங்குவது.

கொட்டேஷனில் "மொத்தம் இவ்வளவு" என்று ஒரே தொகை இருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். வரிக்கு முந்தைய விலை, ஜி.எஸ்.டி., பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், உபகரணங்கள் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வரியைப் பற்றி இங்கே ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 7 லட்சம் விலையுள்ள வண்டி முன்பு 7,84,000 ரூபாய், இப்போது 7,35,000. வித்தியாசம் 49,000. பழைய விலைப் பட்டியலைக் காட்டி, "உங்களுக்காக நாற்பதாயிரம் குறைச்சிருக்கோம்ணே" என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு எதையும் குறைக்கவில்லை. அரசு குறைத்த வரியில் 9,000 ரூபாயைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். அதனால் பேச்சை வரிக்கு முந்தைய விலையிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் எந்த வண்டியின் விலையைப் பேசுகிறோம் என்பதும் எழுத்தில் வர வேண்டும். பின் டயர் 13.6-28 அளவா, 14.9-28 அளவா, பவர் ஸ்டீயரிங்கா சாதா ஸ்டீயரிங்கா, கூரை, முன் பம்பர், கொக்கி, முன் வெயிட் எல்லாம் சேர்த்தா என்று ஒரே மாடலுக்குள்ளேயே நிறைய வேறுபாடு உண்டு. பக்கத்து ஊர்க்காரர் குறைவாக எடுத்தார் என்று சண்டை போடுவோம். அவர் எடுத்தது சின்ன டயர் வண்டியாக இருக்கும்.

ஹெச்.பி., அதாவது குதிரைத்திறன் விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பானெட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் இன்ஜின் ஹெச்.பி. அல்லது அதை ஒட்டி வைத்த மாடல் எண். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. ஹெச்.பி., அதாவது வண்டியின் பின்னால் உள்ள சுழல் தண்டுக்கு வந்து சேரும் சக்தி; அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் தரும் சோதனை அறிக்கையில் பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு எல்லாம் அளந்து போட்டிருப்பார்கள். டீலரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "இன்னும் கொஞ்சம் போட்டா பெரிய வண்டி" என்று 50 ஹெச்.பி.க்கு மேல் தள்ளப் பார்ப்பார்கள். 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்ததால் அந்த வண்டிகளின் இன்ஜின் அமைப்பே மாறி, விலையும் ஏறிவிட்டது. ஐந்து ஏக்கர் நெல் வயலுக்கும் கொஞ்சம் வாடகை உழவுக்கும் அது தேவையா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

பழைய வண்டியை எப்போது பேசுவது

கடைக்குள் நுழைந்ததுமே, "பழைய வண்டியைக் கொடுத்துட்டுப் புதுசு எடுக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். சொல்லாதீர்கள். முதலில் புது வண்டியின் ரொக்க விலையை முடித்து எழுதி வாங்குங்கள். அப்புறம் பழைய வண்டியை எடுங்கள். முன்னாலேயே சொன்னால், பழைய வண்டிக்குச் சந்தை விலையைவிட அதிகம் தருவதாகச் சொல்லி, அதைப் புது வண்டியின் தள்ளுபடியில் கழித்துவிடுவார்கள். இரண்டு எண்ணும் நல்ல எண்ணாகத் தெரியும், கையிலிருந்து போகும் பணம் மட்டும் குறைந்திருக்காது. டீலரிடம் போகும் முன்பே வெளியில் பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியை விட்டுவிட்டு வரும்போது ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்ட ரசீதையும் வாங்குங்கள். பெயர் மாறும் வரை விடாமல் பின்தொடருங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்ற வண்டிக்காக நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் வரக்கூடாது.

கடன்தான் பெரிய விலை

நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். இரண்டாயிரம் ரூபாய்க்காக ஒரு மணி நேரம் வாதாடும் விவசாயி, அதே மேஜையில் கடன் பேப்பரில் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

டீலர் கடையிலேயே உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர், "வட்டி ஒம்பது பர்சன்ட்தான் ஐயா, பேங்க்ல கூட அதுக்கு மேல" என்பார். அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கான, அதாவது அடைத்தது போக மீதிக்கு மட்டுமான வட்டியா என்று கேளுங்கள். 6 லட்சம் கடன், 5 வருடம், ஃபிளாட் வட்டி 9 சதவீதம் என்றால், வருடத்துக்கு 54,000 வீதம் வட்டி மட்டும் 2,70,000. மாதத் தவணை 14,500. அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி கடைசி வரை முழு 6 லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் நிலுவைக்கு 9 சதவீதம் என்றால் தவணை சுமார் 12,455, மொத்த வட்டி சுமார் 1,47,000. வித்தியாசம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்த ஃபிளாட் 9 சதவீதத்தின் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 15.7 சதவீதம். வண்டி விலையில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசியிருந்தாலும் இந்த அளவுக்கு மிச்சம் பிடித்திருக்க முடியாது.

அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்றாலும் கணக்கின் போக்கு இதேதான். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டிராக்டர் கடனுக்கும் அதைக் கேளுங்கள். அதில் உள்ள அந்த ஒரு விகிதத்தை வைத்து வங்கியையும் ஃபைனான்ஸ் கம்பெனியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தவணைத் தொகையை வைத்து ஒப்பிட வேண்டாம். வருடத்தைக் கூட்டினால் தவணை எவ்வளவு வேண்டுமானாலும் குறையும்.

இன்னொரு பழக்கம் ரொம்ப ஆபத்தானது. வண்டி விலை முழுவதையும் வங்கி தராது. வங்கிக்கு வங்கி மாறினாலும் 10 முதல் 25 சதவீதம் வரை விவசாயி தன் கையிலிருந்து போட வேண்டும். அந்தப் பணம் இல்லாதவரிடம், "கவலைப்படாதீங்க மாமா, கொட்டேஷன்ல கொஞ்சம் ஏத்திப் போட்டுத் தர்றேன், கையில எதுவும் போட வேண்டாம்" என்று சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். கேட்பவருக்கு அது உதவியாகத் தெரிகிறது. நடப்பது என்ன? இல்லாத விலைக்குக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி, ஏற்றிய மதிப்புக்கு இன்சூரன்ஸ் பிரீமியம். முதல் போகம் தவறினால் வண்டியை விற்றுக்கூடக் கடனை அடைக்க முடியாது, ஏனென்றால் கடன் முதல் நாளிலேயே வண்டியின் உண்மை விலையை நெருங்கி நிற்கிறது. பொய் விலை காட்டிக் கடன் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கையில் போடப் பணம் இல்லையென்றால் ஒரு போகம் பொறுத்திருங்கள். அதுவரை வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவர் செயலியிலேயே பதிவு செய்து எடுக்கலாம்.

மானியம் உள்ள பவர் டில்லர், ரோட்டவேட்டர் போன்றவற்றிலும் விலை பேசலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு விலையில் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்புத் தொகை உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அதாவது மானியம் உச்சவரம்பைத் தொட்டபின் டீலர் ஏற்றும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க உங்கள் பணம். மானியம் வருகிறதே என்று விலை பேசாமல் வருவது பெரிய நஷ்டம். மானியம் இல்லாமல் ரொக்கத்துக்கு அதே கருவி என்ன விலை என்று முதலில் கேளுங்கள்.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே டீலர்களுக்கான விதியில் இதைச் சொல்லிவிட்டது. வெளியில் ஒரு பிரீமியம் கேட்டுக்கொண்டு போனாலே டீலரின் பிரீமியமும் இறங்கி வரும்.

எப்போது போவது, யாரோடு போவது

டீலருக்கும் கம்பெனி வைக்கும் மாத இலக்கு உண்டு. மாதக் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் அவருக்கு ஒரு வண்டி கூடுதலாக விற்க வேண்டியிருக்கும். தை மாதத்திலும் ஆயுதபூஜையை ஒட்டியும் கூட்டம் அலைமோதும். அப்போது குறைக்க அவருக்கு அவசியம் இல்லை. நம் பக்கம் ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் விலை பேசச் சிறந்த மாதங்கள் அவைதான். நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆடியில் விலையை முடித்து, எழுதி வாங்கி, சின்னத் தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு ஆவணியில் நல்ல நாள் பார்த்து வண்டியை எடுங்கள். டெலிவரி வரை விலை ஏறாது என்ற வரி அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஜனவரியில் போனால் போன வருடத் தயாரிப்பு வண்டி நின்றுகொண்டிருக்கும். எடுக்கலாம், தவறில்லை. ஆனால் மறுவிற்பனையில் விலை வைப்பவர் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு வருடத்தைத்தான் பார்ப்பார். அந்த இழப்புக்குச் சமமாக இப்போதே குறைக்கச் சொல்லுங்கள். சேஸ் எண்ணை முன்பணம் கட்டும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

கூட வருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் வண்டி வைத்திருக்கும் ஒருவரையோ தெரிந்த மெக்கானிக்கையோ அழைத்துப் போவது நல்ல வழக்கம்தான். ஆனால் ஆள் கூட்டி வருபவருக்குக் கமிஷன் தரும் டீலர்கள் உண்டு. அந்தக் கமிஷன் உங்கள் வண்டி விலையில்தான் ஏறும். "இந்தக் கடைக்குத்தான் போகணும்" என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னால், இன்னொரு ஊர் டீலரிடம் அவர் இல்லாமல் ஒருமுறை போய் விலை கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் கணக்கு வழக்குப் பார்க்கும் மனைவியையோ மகளையோ அழைத்துப் போகலாம். மொத்தத் தொகையை விடாமல் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

எவ்வளவு இறக்கிப் பேசலாம் என்று கேட்டால், இறங்க மாட்டேன் என்று டீலர் நிற்கும் இடத்தில் பணத்தை விட்டுவிட்டு சர்வீஸைப் பேசுங்கள் என்பேன். நடவுக்கு முந்தைய வாரத்தில் வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக் வயலுக்கே வருவாரா, எத்தனை கிலோமீட்டரிலிருந்து வருவார், முதல் சர்வீஸ்களில் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டா, கூலி மட்டும் இலவசமா என்பதெல்லாம் பணம்தான். பத்து கிலோமீட்டரில் நல்ல பட்டறை உள்ள டீலருக்கு ஐயாயிரம் கூடக் கொடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ரோட்டவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பை, சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் ஆகியவற்றை வெளியில் விலை விசாரித்துக்கொண்டு போங்கள். டீலருக்குப் பேச அதிக இடம் இருப்பது வண்டியைவிட அவற்றில்தான்.

டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டுப் படம் எடுக்கும் சந்தோஷத்தில் காகிதங்களைப் பார்க்காமல் விடுகிறோம். குறித்து வைத்த சேஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளரின் தகுதிச் சான்றான படிவம் 22, இன்சூரன்ஸ், வாரண்டிப் புத்தகம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணமோ மீதிப் பணமோ, விற்பனையாளரின் சொந்த ஃபோன் நம்பருக்கு அனுப்பாமல் கடையின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி, அன்றைக்கே ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.