பழைய பேட்ஜைத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து

இந்த வாரமும் ஒன்று வந்தது. குறிபார்த்துச் சுடும் திறனுக்காகக் கொடுக்கப்படும் அமெரிக்க ராணுவத்தின் பழைய ஷார்ப்ஷூட்டர் பேட்ஜ், ஸ்டெர்லிங் வெள்ளி. வாங்கியவர் விபூதி போட்டுத் தேய்த்து, அது போதாதென்று டூத்பேஸ்ட்டும் போட்டுத் தேய்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மின்ன வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்கிறார். பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாப்பது என் தொழில். ராணுவ பேட்ஜ் சேகரிப்பவர்களிடமிருந்து வரும் வேலையில் பெரும்பகுதி, ஏற்கெனவே யாரோ ‘சுத்தம்’ செய்ததைச் சமாளிப்பதாகத்தான் இருக்கிறது.

பழைய வெள்ளியின் மேல் தெரியும் கறுப்பு, அழுக்கு இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் இதை நம்ப மறுக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட தூசி இல்லை அது, வெள்ளியே காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து சில்வர் சல்பைடாக மாறியிருக்கிறது, ஆகவே நீங்கள் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் துணியில் கறுப்பாக வருவது உங்கள் பேட்ஜின் வெள்ளிதான். போனது போனதுதான், என்னாலும் திருப்பி வைக்க முடியாது. முதலில் தேய்வது மேடான இடங்கள். இந்த அமெரிக்க பேட்ஜில் மூன்று நிலைகள்: மார்க்ஸ்மனுக்கு வெறும் சிலுவை, ஷார்ப்ஷூட்டருக்கு நடுவில் இலக்கு வட்டங்கள், எக்ஸ்பர்ட்டுக்கு அதோடு சுற்றிலும் இலை வளையம். எந்த நிலை என்று சொல்வதே அந்த வட்டங்களும் இலைகளும்தான், அவற்றையே மழுங்கடித்துவிட்டால் அப்புறம் எதைச் சேகரிக்கிறீர்கள்? பள்ளமான இடங்களில் இருக்கும் கறுப்பைப் பல நேரம் செய்தவர்களே வேண்டுமென்று ஏற்றியிருப்பார்கள், உருவம் எடுப்பாகத் தெரிவதற்காக. முலாம் பூசியதென்றால் இரண்டு மூன்று தேய்ப்பில் அடியிலுள்ள பித்தளை வெளியே வந்துவிடும்.

சோவியத் பேட்ஜ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 1932-இல் தொடங்கிய வொரோஷிலோவ் துப்பாக்கி வீரர் பேட்ஜில் எனாமல், அதாவது கண்ணாடி போன்ற வண்ணப் பூச்சு, உண்டு, பின்னால் திருகும் நட்டும். வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினால் அது எனாமலின் மயிரிழை விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இறுகிப்போன நட்டைக் குறடால் முறுக்கினால் எனாமல் தெறிக்கும். வேண்டவே வேண்டாம்.

விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். பிவிசி உறை, ரப்பர் பேண்ட், கம்பளித் துணி மூன்றும் கூடாது. பாலியஸ்டர் உறையும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். தோலில் குத்தி வைத்திருந்த பித்தளை பேட்ஜில் மெழுகு மாதிரி பச்சையாக வந்தால் மரப் பல்குச்சியால் மெதுவாகத் தள்ளி எடுங்கள். ஆனால் வெளிர்பச்சைப் பொடியாக, எடுக்க எடுக்கத் திரும்ப வந்தால், நீங்களே ஏதும் செய்யாமல் உலர்ந்த டப்பாவில் போட்டு, இந்த வேலை தெரிந்தவரிடம் உடனே காட்டிவிடுங்கள், வீட்டில் புளி இருக்கிறதே என்று கை வைக்காமல்.