நானோ செல்லுலோஸ்: சொல்லும் பொருளும்

ஆயுத பூஜைக்கு மறுநாள் கோயம்பேட்டில் குவிந்து கிடக்கும் வாழை மரங்களில் நானோ செல்லுலோஸ் இருக்கிறது, அதாவது நானோமீட்டர் கணக்கில் மெல்லிய செல்லுலோஸ் இழை. தெருமுனை கரும்பு ஜூஸ் வண்டியில் மிஞ்சும் சக்கையிலும் இருக்கிறது. புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை, பிரித்தெடுத்தால் போதும்.

'நானோஸ்' என்றால் கிரேக்கத்தில் குள்ளன். அதிலிருந்து வந்த 'நானோ' 1960இல் அலகுகளின் முன்னொட்டாக ஏற்கப்பட்டது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு நானோமீட்டர். செல்லுலோஸை 1838இல் தாவரத் திசுக்களிலிருந்து பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயேன். 'செல்லுலா' என்றால் லத்தீனில் சிற்றறை. 'ஓஸ்' என்பது குளுக்கோஸில் வரும் அதே ஈறு. செல்லைக் 'கண்ணறை' என்று தமிழில் எழுதிய காலம் உண்டு. அந்த அறையின் சுவர்தான் செல்லுலோஸ்.

சுவரில் அது தனியாக இருப்பதில்லை. மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினும், செல்லுலோஸைப் போன்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸும் அதைச் சுற்றி இறுகிக் கிடக்கும். எனவே சக்கையைக் கழுவி, காயவைத்து, அரைத்து, காஸ்டிக் சோடா கரைசலில் வேகவைக்கிறார்கள். அப்புறம் சோடியம் குளோரைட்டில் வெளுக்கிறார்கள். இவ்வளவில் கிடைப்பது வெள்ளைக் கூழ். கரூர் மாவட்டம் புகளூர் காகித ஆலையில் கரும்புச் சக்கை காகிதமாவதும் கூழ் வழியாகத்தான். நானோ அளவுக்கு இறங்க அந்தக் கூழை இன்னும் உடைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி.

ஒன்று அமிலம். சுமார் 64 சதவீத கந்தக அமிலத்தில் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால், இழையில் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து, கெட்டியான படிகக் குச்சிகள் மிஞ்சும். நேரம் மிஞ்சினால் அவையும் சிதைந்துவிடும். சட்டென்று குளிர்ந்த நீரைக் கொட்டி வினையை நிறுத்துவார்கள். மற்றது இயந்திரம். கூழைப் பேரழுத்தத்தில் குறுகிய இடுக்கு வழியே திரும்பத் திரும்பச் செலுத்தினால் இழைகள் நீளவாக்கில் பிரிந்துவிடும். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் இதை முதலில் செய்து பார்த்தது பாலை ஒருபடித்தாக்கும் இயந்திரத்தில்!

சரி, தமிழில் என்ன சொல்வது? செல்லுலோஸுக்கு 'மாவியம்' என்றொரு கலைச்சொல் உண்டு. மாவுச்சத்து, செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள் என்பதால் உறவு பொய்யில்லை. ஆனால் கண்ணிகள் கோத்திருக்கும் விதம் வேறு. அதனால்தான் நமக்குச் சோறு செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. 'மா' என்று தொடங்கும் பெயர் அந்த வேறுபாட்டையே மறைத்துவிடுகிறது.

'நார்' அழகான சொல். குறளில் 'நாரின்மை' என்றால் அன்பின்மை. ஆனாலும் இங்கே ஒத்துவராது, ஏனென்றால் நாரிலிருந்து லிக்னினை நீக்கிய பிறகு கிடைப்பதுதான் நம் பொருள்.

'நுண்' என்று மட்டும் போட்டால் நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று மைக்ரோவுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே அதைவிடவும் நுண்ணியது என்று காட்ட 'மீ' சேர்த்து, பொதுப்பெயராக 'மீநுண் செல்லுலோஸ்' என்பதே என் தேர்வு. அமிலத்தில் கிடைக்கும் குச்சியை 'மீநுண்படிகம்' என்றும், இயந்திரத்தில் பிரியும் நீள இழையை 'மீநுண்ணிழை' என்றும் தாராளமாக எழுதலாம். செல்லுலோஸை மட்டும் அப்படியே விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சில பாக்டீரியாக்களும் அதை நெய்கின்றன. பிலிப்பைன்ஸில் புளித்த தேங்காய்த் தண்ணீரில் உறையும் 'நாட்டா டி கோகோ' அப்படி வந்த மீநுண் செல்லுலோஸ்தான். அதில் செடியின் நாரும் இல்லை, மாவும் இல்லை.